மூத்த ஆட்டக்காரரை வாங்கினோம்



உங்கள் தோட்டத்தில் ஒரு ஹாக்கிக் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் நன்றாக ஓடுகிறார்கள். ஆனால் கடைசி நேரத்தில் தடுமாறித் தோற்றுப் போகிறார்கள். அப்போது ஒரு பெரிய ஆட்டக்காரர் வருவதாகச் செய்தி வருகிறது. ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவர். ஆனால் வயது முப்பத்தாறு. அவரை விட்டுக்கொடுக்கும் குழு, பதிலுக்கு உங்கள் இளம் பையன்கள் இருவரைக் கேட்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்வி 1983-ஆம் ஆண்டில் எங்கள் முன் வந்தது. நான் அப்போது பட்டர்வொர்த்துக்கு வெளியே இருந்த ஒரு தோட்டத்தின் இளைஞர் மன்றச் செயலாளர். பினாங்குப் பாலம் திறப்பதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. தீவுப் பக்கம் ஆட்டம் என்றால் மட்டைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு பெரி ஏறித்தான் போவோம். போகும்போது பாட்டு, திரும்பும்போது பெரும்பாலும் மௌனம். அவ்வளவு ஆட்டங்களில் தோற்றிருந்தோம்.

எங்கள் பையன்களுக்கு ஹாக்கிப் பித்து பிடித்ததற்குக் காரணம் 1975-ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டி. அது கோலாலம்பூரில் நடந்தது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் நம் நாடு அரையிறுதி வரை போய், இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்று, நான்காம் இடத்தைப் பிடித்தது. அந்த அரையிறுதியை லயத்தில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். நம் குழு தோற்றதற்கு அழுதவர்களும், இந்தியா வென்றதற்கு மெதுவாகச் சிரித்துக்கொண்ட கிழவர்களும் ஒரே வாசலில்தான் இருந்தார்கள். மறுநாளே பையன்கள் காட்டு மரத்தில் மட்டை செதுக்க ஆரம்பித்து விட்டார்கள்.

அந்தப் பையன்கள் வளர்ந்து 1983-இல் குழுவாக நின்றார்கள். வேகம் இருந்தது. நடுவில் நின்று பந்தைப் பிடித்து, 'இந்தா, நீ போ' என்று பிரித்துக் கொடுக்க ஆள் இல்லை. அந்த ஆள்தான் நகரக் குழு ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த அண்ணன். எல்லாரும் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். நகரக் குழுவுக்கு இளம் கால்கள் வேண்டியிருந்தன, எங்களுக்கு முதிர்ந்த மூளை வேண்டியிருந்தது. அண்ணனை விடுவிக்கிறோம், உங்கள் பையன்களில் இருவரை எங்களுக்குப் பதிவு செய்து கொடுங்கள் என்றார்கள். அண்ணனின் மட்டை, காலணி, போக்குவரத்து, சம்பளம் போகும் நாட்களுக்கான ஈடு எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது வெள்ளி செலவாகும். அந்தப் பணம் வீட்டுக்கு இரண்டு வெள்ளி என்று வசூலித்து வைத்திருந்தது.

மன்றத்தில் ஏழு பேர் உட்கார்ந்து பேசினோம். அன்று பேசியதை இன்று நினைத்துப் பார்க்கும்போது, உலகமெங்கும் பெரிய பெரிய முதலாளிகள் பேசும் கணக்கைத்தான் நாங்களும் மண்ணெண்ணெய் விளக்கடியில் பேசியிருக்கிறோம் என்று தோன்றுகிறது. அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

* * *

முதல் கணக்கு கால்.

ஹாக்கியில் எல்லா இடமும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. ஓரத்தில் ஓடி வளைந்து போகும் முன்கள ஆட்டக்காரருக்கு வேகம்தான் சொத்து. அந்தச் சொத்து முதலில் கரையும். நடுவில் நிற்பவருக்குப் பந்து எங்கே வரும் என்ற யூகம் சொத்து. கோல் காவலருக்கு நிதானமும் பழக்கமும் சொத்து. அதனால்தான் கோல் காவலர்கள் நெடுநாள் நிற்கிறார்கள். நம் நாட்டுக் கோல் காவலர் குமார் சுப்பிரமணியத்தைப் பாருங்கள். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவுடன் 2-2 என்று சமநிலை ஆகி, தனித்தனியாக ஓடிவந்து கோல் அடிக்கும் முறையில் நாம் 7-6 என்று வென்றோம். அன்று கோலில் நின்ற குமாருக்கு வயது 38. இந்தியாவின் ஸ்ரீஜேஷ் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிக்கொண்டு விடைபெற்றபோது அவருக்கு 36.

முன்களத்திலும் விதிவிலக்கு உண்டு. புனேவின் கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம் ஆடியவர். அவர் தந்தை திடல் பராமரிப்பாளர். பிள்ளைகள் உடைந்த மட்டைகளைக் கயிற்றால் கட்டி ஆடினார்களாம். தன்ராஜ் நம் நாட்டுக்கும் வந்து பேங்க் சிம்பானான் நேஷனல், டெலிகோம் குழுக்களுக்காக ஆடியிருக்கிறார். 2003-இல் கோலாலம்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியில் பாகிஸ்தானை 4-2 என்று வென்ற இந்தியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். வயது 35. ஆனால் அடுத்த ஆண்டே ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அதே தன்ராஜ் இருந்தும் இந்தியாவுக்கு ஏழாம் இடம்தான் கிடைத்தது. ஒரே மனிதர், ஓராண்டு இடைவெளி. மூத்த ஆட்டக்காரரை வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். நேற்று ஆடியதைப் பார்த்து விலை பேசுகிறோம், நாளை ஆடப்போவதற்கு அதைக் கொடுக்கிறோம்.

அந்தக் காலத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இன்று ஆட்டத்தின் நடுவே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை வெளியே எடுத்து, இளைப்பாற விட்டு, திரும்ப இறக்கலாம். ஆட்டத்தையும் பதினைந்து நிமிடக் கால் பகுதிகளாகப் பிரித்து விட்டார்கள். மூத்தவர்களுக்கு இது பெரிய உதவி. 1983-இல் அந்த வசதி கிடையாது. முப்பத்தைந்து நிமிடம், பிறகு இன்னொரு முப்பத்தைந்து நிமிடம். முடிந்தவரை ஓடு, முடியாவிட்டால் போய் உட்கார்.

* * *

இரண்டாம் கணக்கு விலை.

வட அமெரிக்காவில் பனித்தரையில் ஆடும் ஹாக்கி ஒன்று இருக்கிறது. அங்கே குழுக்கள் ஆட்டக்காரர்களைச் சந்தையில் மாற்றிக்கொள்வது போல மாற்றிக்கொள்கின்றன. ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, வரும் ஆண்டில் புதிய இளைஞர்களில் முதலில் பொறுக்கிக்கொள்ளும் உரிமையையும் விலையாகக் கொடுப்பார்கள். அதாவது இன்றைய கோப்பைக்காக நாளைய பையனை அடகு வைப்பது.

அதில் வேன் கிரெட்ஸ்கி என்பவர் நம் தியான் சந்த் மாதிரி. 1996 பிப்ரவரியில், 35 வயதில், அவரை செயின்ட் லூயிஸ் குழு வாங்கியது. விலை மூன்று இளம் ஆட்டக்காரர்களும் இரண்டு தேர்வு உரிமைகளும். அவர் அங்கே ஆடியது மொத்தம் 31 ஆட்டங்கள். இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்துக்கும் மேல் கூடுதல் நேரம் போய், குழு வெளியேறியது. கோடை வந்ததும் அவர் நியூயார்க் குழுவுக்குப் போய்விட்டார். ஐந்து பங்கு கொடுத்து ஐந்து மாதம் கூட ஆளை வைத்திருக்க முடியவில்லை.

இன்னொரு கதை இதற்கு நேர்மாறு. ரே பூர்க் என்ற தடுப்பாட்டக்காரர் பாஸ்டன் குழுவில் 21-ஆவது பருவம் ஆடிக்கொண்டிருந்தார். கோப்பை கிடைக்கவே இல்லை. 2000 மார்ச்சில், 39 வயதில், அவரைக் கொலராடோ குழு வாங்கியது. அந்த ஆண்டு கோப்பை வரவில்லை. ஆனால் அவர் மேலும் ஓராண்டு தங்கினார். 2001 ஜூன் 9-இல் கோப்பை வந்தது. குழுத்தலைவர் ஜோ சாக்கிக் கோப்பையைத் தாம் தூக்காமல் முதலில் பூர்க் கையில் கொடுத்தார். அத்துடன் பூர்க் ஓய்வு பெற்றார்.

இரண்டும் ஒரே மாதிரி வியாபாரம். ஒன்று நட்டம், ஒன்று லாபம். என்ன வித்தியாசம்? கொலராடோ ஏற்கெனவே நான்கு ஆண்டுகளுக்கு முன் கோப்பை வாங்கிய பலமான குழு. அதற்கு ஒரே ஓர் ஆள்தான் குறை. அந்த ஆளும் தடுப்பாட்டக்காரர். ஒரு பருவம் தோற்றாலும் அடுத்த பருவத்துக்கு இருந்தார். ஆகவே மூத்தவரை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, 'அவர் நல்லவரா' என்பது மட்டுமல்ல. 'நமக்கு ஒரே ஓர் ஆள்தான் குறையா' என்பதும்தான். ஐந்து ஆள் குறைவாக உள்ள குழுவுக்கு எந்தப் பெரியவரும் கோப்பை வாங்கித் தர முடியாது.

தோட்டத்து வாசகர்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். பால் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யப் போகும் முன், கடைசி ஒன்றிரண்டு ஆண்டுகள் மேலும் கீழுமாக விடாமல் சீவுவார்கள். பால் கொட்டும். அந்த வாளியைப் பார்த்து, இந்த மரம் இப்படியே கொடுக்கும் என்று யாராவது கணக்குப் போட்டால் மண்டோர் சிரிப்பார். அதே சமயம் கன்று நட்டால் ஐந்தாறு ஆண்டு ஒரு சொட்டும் வராது. கிழ மரத்தை நம்பிக் கன்றைப் பிடுங்குவதும் தவறு, கன்றையே பார்த்துக்கொண்டு கையில் உள்ள மரத்தை வீணாக்குவதும் தவறு. எங்கே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

* * *

மூன்றாம் கணக்கு மனிதர்.

தியான் சந்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். 1947-இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியக் குழுவுக்கு அழைப்பு வந்தது. தியான் சந்த் வருவதானால்தான் குழு வரலாம் என்பது நிபந்தனை. அவருக்கு 42 வயது. போனார். 22 ஆட்டங்களில் 61 கோல் அடித்தார் என்று கணக்கு. ஆனால் அந்தப் பயணம் முடிந்ததும் பெரிய ஆட்டங்களிலிருந்து அவரே விலகிக்கொள்ள ஆரம்பித்தார். கூட ஆடும் பிள்ளைகளுக்கு இடம் விட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் அண்ணனைப் பார்க்கப் போனபோது அவரும் ஒளிக்காமல் பேசினார். கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, "தம்பி, இடது தொடையில பழைய அடி இருக்கு. மழையில வலிக்கும். என் கால நம்பி வாங்காதீங்க. கண்ண நம்பி வாங்கினா வரேன்" என்றார்.

அதைக் கேட்ட பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மன்றத்தில் வாக்கு மூன்றுக்கு மூன்று நின்றது. செயலாளர் வாக்கு என்னுடையது. அதோடு இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. நகரக் குழு கேட்ட இரண்டு பையன்களில் ஒருவன் என் அக்காள் மகன். பதினேழு வயது. இடது ஓரத்தில் ஓடுவான்.

உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. வேறு யாருடைய பிள்ளையாக இருந்தாலும் இன்னும் இரண்டு நாள் யோசித்திருப்பேன். சொந்தப் பையன் என்பதால்தான் சட்டென்று கையைத் தூக்கினேன். 'செயலாளர் தன் மருமகனைக் காப்பாற்றிக்கொண்டார்' என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்ற எண்ணம். அதை நேர்மை என்று அன்று நினைத்தேன்.

அன்று இரவு அக்காள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்காமல் கேட்டான்.

"மாமா, என்னை எத்தன வெள்ளிக்குக் குடுத்தீங்க?"

பணத்துக்கு இல்லை, மாற்றுக்குத்தான் என்று விளக்கினேன். நகரக் குழுவில் பெயர் கிடைக்கும், வேலை கூடக் கிடைக்கும் என்றேன். அவன் கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டான். அக்காள் என்னைப் பார்த்து, "அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல தம்பி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

* * *

பருவம் எப்படிப் போனது என்று கேட்பீர்கள்.

முதல் மூன்று ஆட்டமும் வென்றோம். அண்ணன் ஓடவே இல்லை என்று சொல்லலாம். பந்து அவரைத் தேடி வந்தது. எங்கள் பையன்கள் ஓடும் ஓட்டத்துக்கு அன்றுதான் அர்த்தம் கிடைத்தது. நான்காவது ஆட்டத்தில் மழை. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முன்பே சொன்ன அதே இடது தொடை. அடுத்த இரண்டு ஆட்டத்துக்கு அவர் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். இரண்டிலும் தோற்றோம். கடைசி ஆட்டத்தை வென்றும் ஒரு புள்ளியில் இரண்டாம் இடம். திரும்பி வரும்போது பெரியில் ஒருவரும் பாடவில்லை. ஆனால் பழைய மௌனம் போலவும் இல்லை.

கொடுத்த பையன்களில் ஒருவன் நகரத்தில் நன்றாகவே நிலைத்தான். என் மருமகனை அங்கே அதிகம் இறக்கவில்லை. பருவம் முழுவதும் இரண்டு ஆட்டம். மற்ற நாளெல்லாம் பெஞ்சில் துண்டு பிடித்துக்கொண்டிருந்தான். பருவம் முடிந்ததும் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மட்டையை அக்காள் வீட்டுக் கூரையில் செருகிவிட்டான். என்னிடம் ஓராண்டு பேசவில்லை. தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தும் என் மனைவியிடம் மட்டும் பேசிவிட்டுப் போனான்.

அவனை மறுபடி திடலுக்குக் கொண்டுவந்தவர் நான் இல்லை. அண்ணன்தான். யாரும் சொல்லாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கே இல்லை. அக்காள் சொல்லித்தான் தெரியும். வாசலில் நின்றபடியே, "தம்பி, நான் வந்ததுனால நீ போகவேண்டியதாப் போச்சு. எனக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா உன்னக் கேட்டுட்டுத்தான் வந்திருப்பேன்" என்றாராம். பையன் ஒன்றும் பேசவில்லையாம். பசியாறிவிட்டு அவர் கிளம்பியபோது இவன் கூரையிலிருந்து மட்டையை எடுத்தானாம்.

அடுத்த பருவம் அவன் எங்கள் குழுவுக்கே திரும்பினான். அண்ணன் ஆடவில்லை. பயிற்சி மட்டும் கொடுத்தார். அந்த ஆண்டு கோப்பை வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. ஆனால் நாங்கள் வாங்கும் கோல் பாதியாகக் குறைந்தது. எங்கள் நடு ஆட்டக்காரர்கள் மூவரும் பந்து வருமுன்பே தலையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அண்ணனின் கண் அவர்களுக்கு வந்துவிட்டது. இருநூற்றைம்பது வெள்ளிக்கு நாங்கள் உண்மையில் வாங்கியது அதைத்தான். ஒரு கோப்பைக்கென்று நினைத்துக் கொடுத்ததால் அன்று நட்டமாகத் தெரிந்தது.

* * *

இப்போது உங்களுக்கு என் கணக்கைச் சொல்லி முடிக்கிறேன்.

மூத்தவரை எடுக்கலாமா என்று யோசிக்கும்போது, அவர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று பாருங்கள். பழைய காயம் என்ன என்று அவரிடமே கேளுங்கள். நல்லவர் மறைக்க மாட்டார். அவர் சொன்ன பிறகு, சொல்லாதது போல நடந்துகொள்ளாதீர்கள். உங்களுக்கு ஒரே ஆள்தான் குறையா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பருவத்துக்கா, இரண்டு பருவத்துக்கா என்று பேசி முடியுங்கள். அவர் ஆடாத நாளில் அவரிடம் என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதையும் லாபக் கணக்கில் சேருங்கள். பாதி விலை அங்கேதான் திரும்பி வரும்.

இதெல்லாம் நாங்கள் ஏழு பேரும் ஏறக்குறைய சரியாகவே பார்த்தோம். அண்ணனின் காலை எடைபோட்டோம். வெள்ளியை எண்ணினோம். கொடுக்கப்படும் பையன் நடுக்கூடத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைத்தான் கேட்கவில்லை. நம் முன்னோர்களைக் கேட்காமல் கப்பலேற்றினார்கள், கேட்காமல் தோட்டம் மாற்றினார்கள் என்று நாம் எத்தனை முறை வருத்தப்பட்டிருக்கிறோம்! அதையே ஒரு கோப்பைக்காக என் அக்காள் பிள்ளைக்கு நான் செய்தேன்.

என் மருமகனுக்கு இப்போது அறுபது வயது நெருங்குகிறது. சனிக்கிழமை காலையில் தாமான் திடலில் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறான். சில மாதங்களுக்கு முன் நான் அங்கே வேலி ஓரம் நின்றிருந்தபோது ஒரு குழுவின் நிர்வாகி வந்து, போட்டிக்காக ஒரு பையனை இரண்டு மாதத்துக்குத் தரமுடியுமா என்று கேட்டார். பதிலுக்கு அனுபவமுள்ள ஆட்டக்காரர் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார். நல்ல ஏற்பாடு போலத்தான் எனக்குப் பட்டது.

மருமகன் அவருக்குப் பதில் சொல்லவில்லை. திரும்பி, "ஐயா, இங்க வாடா. உன்னப் பத்தித்தான் பேசுறாங்க. நீயும் நின்னு கேளு" என்று பையனைக் கூப்பிட்டான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமாக அல்ல. நாற்பது ஆண்டுப் பழைய கணக்கை இருவரும் நினைத்துக்கொண்டோம் என்று மட்டும் தெரிந்தது.

பையன் போக விரும்பினான். போனான். நன்றாக ஆடுகிறான் என்று கேள்வி.